பதினேழாவது அடையாளம்

ஜனவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். சளி மட்டும் என் மூக்கில் குடியேறி மூன்று வாரம் ஆகிறது, வாடகையும் தருவதில்லை, காலியும் செய்வதில்லை. நீ எப்படி இருக்கிறாய்? உன் பிள்ளை நெட்டை எப்படி இருக்கிறான்? படையில் சேர்ந்து ஒன்றரை வருடமாக உருளைக்கிழங்குதான் உரிக்கிறானா, வெங்காயத்துக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டதா?

ஒரு செய்தி, சிரிக்காமல் படி. என்னை விளைச்சல் மதிப்பீட்டு அலுவலகத்திலிருந்து மாற்றிவிட்டார்கள். உங்கள் நாடு எங்கள் நாட்டின் மேல் படையெடுத்து வருமா, வராதா என்று கணித்துச் சொல்ல ஒரு புது அலுவலகம் திறந்திருக்கிறார்கள். பதினொரு வருடம் கோதுமையைச் சரியாகக் கணித்தவன் பீரங்கியையும் கணிப்பான் என்று மேலே எவனோ முடிவு செய்து, இதை என் தலையில் கட்டிவிட்டான்.

நீ கல்யாணம் ஆகி அந்தப் பக்கம் போனபோது பாலத்தில் ஒரு தடுப்புக் கட்டைகூடக் கிடையாது. அப்பா சைக்கிளில் வந்து உன்னைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்பிவிடுவார். இப்போது தொலைபேசிக் கம்பியை வெட்டியே ஆறு வருடம் ஆகிறது. அதே பாலத்தில் நெட்டை துப்பாக்கியோடு வருவானா என்று யோசிக்க எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

வேலை என்ன தெரியுமா? மூன்றாம் மாடியில் ஒரு நீள மேசை. ஒன்பது பேர். வெள்ளிக்கிழமைதோறும் ஆளுக்கொரு சீட்டில், பக்கத்தில் இருப்பவர் பார்க்காமல், பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஓர் எண் எழுத வேண்டும். ஆறு மாதத்துக்குள் படையெடுப்பு நடக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்பதுதான் அந்த எண். பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுத்து, ஒவ்வொருவரும் ஏன் அப்படி எழுதினோம் என்று சொல்ல வேண்டும். கேட்ட பிறகு மறுபடி எழுதுவோம். சின்னதிலிருந்து பெரியது வரை அடுக்கினால் நடுவில் வருகிற ஐந்தாவது சீட்டுதான் திங்கட்கிழமை பேப்பரில் வரும். போன வாரம் எட்டு. உங்கள் பேப்பர்களும் அதை எடுத்துப் போடுகின்றனவாம்.

இந்த வேலையில் இருக்கும் வரை நான் பாலத்தைத் தாண்டக் கூடாது என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அது ஒன்றுதான் குறை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

*

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

நானும் நெட்டையும் நன்றாக இருக்கிறோம். உன் சளிக்கு வெந்நீரில் ஆவி பிடி. உன் வீட்டுக்காரி சொன்னால் கேட்க மாட்டாய், நான் சொன்னேன் என்று பிடி.

சிரிக்காதே என்றாய். பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் படித்துக் காட்டி இருவரும் சிரித்தோம். போன வருடம் உன் பேச்சைக் கேட்டு உருளைக்கிழங்கை முன்கூட்டியே போட்டு மழையில் அழுகவிட்டவள் நான். உன்னை நம்பி ஒரு நாடே உட்கார்ந்திருக்கிறதா? பாவம் அந்த நாடு.

எட்டு சதவீதம் என்றால் என்னடா அர்த்தம்? நூறு பேர் இருக்கிற எங்கள் தெருவில் எட்டுப் பேர் வந்து உன்னை அடிப்பார்களா? என்னைக் கேட்டால் ஒரே சீட்டில் எழுதித் தருகிறேன்: எவனும் வர மாட்டான். நெட்டை போன ஞாயிற்றுக்கிழமை வந்தான். கையெல்லாம் உருளைக்கிழங்குத் தோல் வாசனை. அவன் பிரிவில் பாதிப் பேருக்குச் செருப்பு சரியில்லையாம், செருப்பு இல்லாமல் எப்படிப் படையெடுப்பது?

ஏப்ரல் முப்பதோடு அவன் காலம் முடிகிறது. விடுவிப்புச் சீட்டில் தேதி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மே முதல் வாரத்தில் அவனைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்கு ஒரு சின்ன வேலையாகப் போக வேண்டும். அதற்காகத்தான் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

என் ஆசி உனக்கு எப்போதும் உண்டு.

அக்கா

*

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டது, ஆவி பிடித்தேன். உன் உடம்பைப் பற்றி ஒரு வரிகூடக் கூடுதலாக எழுதவில்லையே, நீ எப்படி இருக்கிறாய்?

உன் கடிதம் வழக்கம் போல ஏழாம் நாள் வந்தது. உங்கள் தபால் முத்திரையில் தேதி என்றைக்குத் தெரிந்திருக்கிறது, கரித்துண்டை வைத்துத் தேய்த்தது போல இருக்கும். ஆனால் உன் கடிதத்துக்கு முத்திரை தேவையில்லை. அப்பா பழக்கியபடி முதலில் தேதி, பிறகு ஒரே மூச்சில் நான்கு பக்கம், மை காய்வதற்குள் தபால் பெட்டி. என் வாழ்க்கையில் இவ்வளவு ஒழுங்கான இன்னொரு பொருள் கிடையாது.

மேசையில் ஒவ்வொருவருக்கும் ஒரு கிறுக்கு. முன்னாள் ராணுவக்காரர் ஒருவர் கூடாரங்களை எண்ணுவார், எண்ணி முடித்து எப்போதும் மற்றவர்களைவிட இருபது கூட்டி எழுதுவார். புள்ளிவிவர அம்மா ஒருவர் உங்கள் ரயில் அட்டவணையையும் மாவு விலையையும் வைத்துக்கொண்டு, கூந்தலில் பென்சிலைச் செருகியபடி எதுவும் பேச மாட்டார். இப்படிப் படையெடுப்பைக் காட்டிக்கொடுக்கும் பதினாறு அடையாளங்களைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். "வேற யார்கிட்டயும் இல்லாத அடையாளம் ஆளுக்கு ஒண்ணு கொண்டாங்க" என்று மேசைத் தலைவர் தினமும் அரிக்கிறார். நானும் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். அது கிடக்கட்டும்.

நகரத்தில் என்ன வேலை? நெட்டைக்குப் பெண் பார்க்கிறாயா? எனக்குச் சொல்லாமல் செய்தால் நான் பேச மாட்டேன்.

உன் தம்பி

*

பிப்ரவரி 1

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் இருவரும் சுகம்தானே?

பெண்ணும் பார்க்கவில்லை, மண்ணும் பார்க்கவில்லை. சின்ன வேலை என்றால் சின்ன வேலை.

இப்போதெல்லாம் நடுப்பகலில் ஜன்னலோரமாக உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அங்கே வெளிச்சம் நன்றாக விழுகிறது. இன்று இவ்வளவு போதும்.

பேனா மாறிவிட்டது, பார்த்துக்கொள். நெட்டை இரண்டு வாரமாக வரவில்லை, ஆள் குறைவாம், சமையலறையில் இவனைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். உருளைக்கிழங்கை எப்போது போடலாம் என்று நீ சொல்லவே வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்காரியை நான் கேட்டதாகச் சொல்.

அக்கா

மறந்துவிட்டேன். ஏப்ரல் முப்பதுக்கு இன்னும் எண்பது நாள்.

*

பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ நலம் என்று எழுதியிருக்கிறாய், நம்புகிறேன்.

உன் கடிதம் நேற்றுதான் வந்தது. பதினாறு நாள்! உறையைப் பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள், பசை வெளியே வழிந்து காய்ந்திருக்கிறது. உள்ளே இரண்டு மை. எழுத்தும் உன் எழுத்தாக இல்லை, கொட்டை கொட்டையாக, மூன்றாம் வகுப்பில் எழுதியது போல. வீட்டுக்கு யாராவது வந்தார்களா? உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதச் சொன்னார்களா? "இன்று இவ்வளவு போதும்" என்று எதற்கு எழுதினாய்? நீ அப்படி எழுதுகிற ஆள் இல்லையே. நெட்டையை எதற்காகப் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுது. இந்த வாரம் எங்கள் எண் இருபத்திரண்டு. முன்னாள் ராணுவக்காரர் என்னிடம் வந்து முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

உன் தம்பி

*

பிப்ரவரி 26

அன்புத் தம்பிக்கு,

நான் நலமாகத்தான் இருக்கிறேன். நீ வீணாக மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

யாரும் வரவில்லை. என் உருளைக்கிழங்கு சமாச்சாரத்தைப் பிரித்துப் படிக்க யாருக்கு அவ்வளவு நேரம் இருக்கிறது? கடிதம் ஏன் தாமதம் என்று என்னிடம் கேட்காதே. எழுத்தைப் பற்றியும் கேட்காதே. வயதானால் எழுத்தும் குண்டாகும்.

இங்கே ஒன்றும் இல்லை. கடைகள் திறந்திருக்கின்றன. தையல்காரிக்குப் பள்ளிச் சீருடை தைக்கிற வேலை வந்திருக்கிறது.

நெட்டை வந்தான். என்னைப் பார்த்து, "மாமாவுக்கு எழுதும்மா, சொல்லிடும்மா" என்றான். நான் வேண்டாம் என்றேன். ஏப்ரல் முடியட்டும். அதன் பிறகு எல்லாம் சரியாகிவிடும்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தத் தடவை இருபது நாள். நேற்று மாலை வந்தது. நலம் விசாரிக்கிற பொறுமை எனக்கு இல்லை, மன்னித்துக்கொள்.

எதை என்னிடம் சொல்ல வேண்டாம் என்று நெட்டையைத் தடுத்தாய்? ஏன் ஏப்ரல் முடிய வேண்டும்? "இங்கே ஒன்றும் இல்லை, கடைகள் திறந்திருக்கின்றன" என்று நீ எழுதியதைப் பத்துத் தடவை படித்தேன். பக்கத்தில் ஒருவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அப்படித்தான் எழுதுவார்கள் அக்கா. எனக்குப் புரிகிறது. நீ பதில் எழுத வேண்டாம்.

ஒன்று மட்டும் கேள். ஒரு பையில் இரண்டு புடவையை வைத்துக்கொண்டு இங்கே வந்துவிடு. பாலம் இன்னும் திறந்திருக்கிறது. உங்கள் பக்கத்தவர்கள் இங்கே உறவினர் வீட்டுக்கு வரத் தடை இல்லை. உன் தம்பி மனைவி முன் அறையை ஒழித்து வைத்துவிட்டாள். எண் இப்போது முப்பத்தேழு. நாளை வெள்ளிக்கிழமை. நாளைக்கு நான் மேசையில் பேசப் போகிறேன்.

உன் தம்பி

*

ஏப்ரல் 5

தம்பிக்கு,

இதை நான் சொல்லச் சொல்லத் தையல்காரி எழுதுகிறாள். இன்றைக்கே பெட்டியிலும் போட்டுவிடுவாள்.

உங்கள் ஐம்பத்தெட்டு எங்கள் பேப்பரில் முதல் பக்கத்தில் வந்தது. மறுநாள் உங்கள் பக்கம் பழைய சிப்பாய்களைத் திரும்பக் கூப்பிட்டார்களாம். அதற்கு அடுத்த நாள் எங்கள் அமைச்சர் வானொலியில், "அவங்க தயாராகுறப்போ நாம கையைக் கட்டிக்கிட்டு உட்கார முடியுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். விடுப்பு எல்லாம் ரத்து. விடுவிப்பு எல்லாம் ரத்து. ஏப்ரல் முப்பது என்று போட்டுக் கொடுத்த சீட்டை நெட்டையிடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டார்கள். உருளைக்கிழங்கு உரித்தவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்துப் பாலத்தில் நிறுத்திவிட்டார்கள். நகரத்துக்குப் போகிற ரயிலையும் படைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஐம்பத்தெட்டை எழுதிய மகராசன் யார் என்று உனக்குத் தெரியுமல்லவா, உன் மேசைதானே? அவனிடம் சொல். அவன் வந்து என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும்.

இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? டிசம்பரிலிருந்து எனக்குக் கண் சரியில்லை. கண்ணுக்குள் அழுத்தமாம். இடது கண்ணில் ஓரமெல்லாம் போய்விட்டது, வலதும் பின்னாலேயே வருகிறது. போனது வராது, மிச்சம் இருப்பதை அறுவை செய்து நிறுத்தலாம் என்றார் டாக்டர். மே ஆறாம் தேதி நாள் கொடுத்தார்கள். நகரத்துக்கு ரயிலில் ஒன்றரை நாள். ரத்த சொந்தம் ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் போன பிறகு எனக்கு இருப்பது நெட்டை ஒருவன், நீ ஒருவன். உன்னிடம் சொன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு ஓடி வருவாய், வேலை போகும், வழக்கும் வரும். ஏப்ரலில்தான் நெட்டை வருகிறானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

உன் பதினாறு நாளும் இருபது நாளும் தபாலில் போகவில்லை. என் ஜன்னலோரத்தில் போனது. முதலில் தேதியைப் போடுவேன். பிறகு நடுப்பகல் வெளிச்சத்தில் நாளைக்கு இரண்டு வரி, மூன்று வரி. கண் மங்கினால் நிறுத்திவிடுவேன். ஒரு பேனா மை தீர்ந்ததுகூடத் தெரியாமல் வெறும் நிப்பால் அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன், தையல்காரிதான் பார்த்துச் சொன்னாள். உறையை ஒட்டிய பிறகு எண்பது நாள் என்ற வரி ஞாபகம் வந்தது. நானே ஆவி காட்டிப் பிரித்து, நானே மறுபடி ஒட்டினேன். பசை எங்கே வழிந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

பக்கத்தில் ஒருவன் நிற்கிறான் என்று எழுதியிருந்தாயே. பூனைகூட நிற்கவில்லை.

இரண்டு புடவையை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாய். பாலத்தில் என் பிள்ளை நிற்கிறான். நான் எங்கே வருவது?

அக்கா

(இதை எழுதுகிற நானும் உங்கள் நலம் விசாரிக்கிறேன். அக்கா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. — தையல்காரி)

*

ஏப்ரல் 18

அக்கா,

உன் கடிதம் ஏழாம் நாள் வந்தது. ஏழாம் நாள்! நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மகராசன் நான்தான்.

மேசைத் தலைவர் கேட்ட புது அடையாளம் உன் கடிதம். பாலத்துத் தபால் பையை ராணுவம் பிரிக்கத் தொடங்கினால் கடிதங்கள் தாமதமாகும், படையெடுப்புக்கு முன்னால் எல்லா இடத்திலும் அது நடந்திருக்கிறது என்று சொன்னேன். என் அக்கா எழுதிய அன்றைக்கே பெட்டியில் போடுபவள், அவள் போடுகிற தேதியைக் கடிகாரம் போல நம்பலாம் என்றேன். ஏழு, பதினாறு, இருபது என்று பலகையில் எழுதினேன். பசையைக் காட்டினேன். இரண்டு மையைக் காட்டினேன். கொட்டை எழுத்தைக் காட்டினேன். முப்பத்தேழில் இருந்த மேசை, இரண்டாவது தடவை எழுதியபோது ஐம்பத்தெட்டுக்குப் போனது. மார்ச் இருபதாம் தேதி என் வாழ்நாளில் முதல் தடவையாக எல்லோரும் எழுந்து எனக்குக் கை கொடுத்தார்கள். சுவரில் பதினாறின் கீழே "அக்கா கடிதம்" என்று பதினேழாவதாக எழுதி ஒட்டினார்கள்.

உன் எழுத்து மாறியிருக்கிறதே, உடம்பு சரியில்லையோ என்று ஒரு தடவையாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். உன் தம்பி மனைவிக்குத் தோன்றியது. "அண்ணிக்குக் கண்ணு ஏதாவது பிரச்சினையா இருக்கும்ங்க" என்று பிப்ரவரியிலேயே சொன்னாள். "உனக்கு இந்த வேலை புரியாது" என்று சொன்னேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் கடிதத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. உன் கடிதத்தை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். என் எண் தப்பு, உங்கள் எண்ணும் என்னால் தப்பு, எட்டுக்கு இறக்குங்கள் என்று கெஞ்சினேன். நான் எட்டு என்றே எழுதினேன். அடுக்கிப் பார்த்தால் நடுச் சீட்டு அறுபத்தாறு.

மேசைத் தலைவர் நல்ல மனுஷன், குரலைக்கூட உயர்த்தவில்லை. "நீங்க அன்னைக்குச் சொன்னப்போ தப்புதான். ஆனா இன்னைக்கு ரெண்டு பக்கமும் ஆள் நிக்குது, ரயில் இல்ல, விடுப்பு இல்ல. இன்னைக்கு அந்த எண் சரி" என்றார்.

பதினேழாவதையாவது சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். புள்ளிவிவர அம்மா கூந்தலிலிருந்து பென்சிலை எடுத்தார். "எடுக்க முடியாதுங்க. பதினேழுல முதல்ல அசைஞ்சது உங்க அக்கா கடிதம்தான். அது தாமதமாச்சு, ஆறு வாரத்துல படை நின்னுச்சு. காரணம் எதுவா இருந்தா என்ன, கணக்குல இதைவிட நல்ல அடையாளம் நமக்கு இல்ல" என்றார். முன்னாள் ராணுவக்காரர் மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகவே உன் கடிதம் எத்தனை நாளில் வருகிறது என்று இன்னமும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். என்னால் அதை நிறுத்த முடியவில்லை.

பாலத்தைத் தாண்ட அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்றும் எழுதினேன். விட்டாலும் ஒரு வருடம் தாண்டக் கூடாதாம், நான் போட்ட கையெழுத்தில் அது இருக்கிறதாம். தபால் பை தவிர எதுவும் பாலத்தில் போகவில்லை.

மே ஆறுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.

உன் தம்பி

*

மே 10

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. இந்தத் தாமதம் கண்ணால் இல்லை, கோபத்தால். அதை உன் மேசையில் மறக்காமல் சொல்லிவிடு, இல்லாவிட்டால் இதற்கும் ஏதாவது கூட்டிவிடுவார்கள்.

மே ஆறு போய்விட்டது. அன்றைக்கு நான் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்காரவில்லை, அந்த மாதிரி ஆள் இல்லை நான். உருளைக்கிழங்குக்கு மண் அணைத்தேன். கையால் தடவித் தடவி அணைத்தேன்.

உன் மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன். எனக்கு ஒன்று என்றால் உன் வீட்டுக்காரிக்குத் தோன்றுகிறது, உனக்குத் தோன்றவில்லை. ஆனால் நானும் உன்னிடம் பொய்தான் எழுதினேன். ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரியிலேயே நன்றாக இருக்கிறேன் என்று எழுதினேன். நீ அதை மட்டும் நம்பியிருந்தால்கூடப் போதும், ஐம்பத்தெட்டு வந்திருக்காது. யாரை யார் திட்டுவது, எனக்குச் சலித்துப் போய்விட்டது.

இப்போது நான் யோசித்ததைச் சொல்கிறேன். என் கடிதம் தாமதமானதால் உங்கள் எண் ஏறியது. எண் ஏறியதால் என் பிள்ளை பாலத்தில் நிற்கிறான். அப்படியானால் என் கடிதம் ஒழுங்காக வந்தால் எண் இறங்க வேண்டும் அல்லவா? இனி திங்கட்கிழமைதோறும் உனக்கு ஓர் அட்டை வரும். ஒரே ஒரு வார்த்தை. அன்றைக்கே பெட்டியில் போடப்படும். தையல்காரி எழுதுவாள், அவள் எழுத்து ஒரே அளவாக இருக்கும், ஒரே மை. உன் மேசையில் வைத்து எண்ணிக்கொள்ளுங்கள்.

உறை வேண்டாம். பசை வேண்டாம்.

அக்கா

*

மே 18

நலம். அக்கா.

*

மே 25

நலம். அக்கா.

*

ஜூன் 1

நலம். அக்கா.

*

ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு அட்டைகள் வந்துவிட்டன. ஆறும் ஏழாம் நாள், நாள் பிசகாமல். மேசையில் எல்லோருக்கும் சந்தோஷம். ஐம்பத்தொன்பது, ஐம்பது, நாற்பத்திரண்டு என்று இறங்கி இந்த வாரம் இருபத்து நான்கு. நாற்பதுக்குக் கீழே வந்ததும் எங்கள் பக்கம் பழைய சிப்பாய்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், அதைப் பார்த்து உங்கள் பக்கம் ரயிலைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஜூலை முதல் வாரத்தில் விடுவிப்பு மறுபடி தொடங்கும் என்று புள்ளிவிவர அம்மா சொல்கிறார். நெட்டை வந்துவிடுவான். வந்ததும் உன்னை ரயில் ஏற்றச் சொல், மே போனால் என்ன, ஆகஸ்டில் நாள் கேட்கலாம்.

நீ செய்தது வேலை செய்துவிட்டது அக்கா. ஒன்பது பேரும் பதினாறு அடையாளமும் செய்யாததை நீ ஒரு வார்த்தையில் செய்துவிட்டாய்.

ஆனால் அந்த அட்டைகளை என்னால் கையில் பிடிக்க முடியவில்லை. நீ எப்படி இருந்தாலும் அதில் அந்த வார்த்தைதான் இருக்கும். வீட்டில் வாய் திறக்காதவள் நேற்று ஆறு அட்டைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல அண்ணி எங்கங்க இருக்காங்க?" என்று கேட்டாள்.

எனக்காக மட்டும் ஒரு கடிதம் எழுது. மேசைக்குக் கொண்டு போக மாட்டேன். எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும். கண் எப்படி இருக்கிறது?

உன் தம்பி

*

ஜூலை 13

அன்புத் தம்பிக்கு,

இன்றைக்குத் திங்கட்கிழமை. அட்டை இல்லை. அந்த வார்த்தையை இன்று எழுதவில்லை, உன் மேசைக்காரர்கள் எத்தனை வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளட்டும். இதைத் தையல்காரியிடம் சொல்லி எழுத எனக்கு வாய் வரவில்லை, நானே எழுதுகிறேன். காகிதத்தின் மேல் அவளுடைய மர அளவுகோலை வைத்து நெட்டை பிடித்துக்கொண்டிருக்கிறான். ஒரு வரி முடிந்ததும் கீழே நகர்த்துகிறான். வரி மேலே வரி ஏறியிருந்தால் பிழை அவனுடையது.

ஆமாம், வந்துவிட்டான். போன புதன்கிழமை விட்டார்கள். மறுநாளே ரயிலில் கூட்டிக்கொண்டு போனான், நேற்று திரும்பினோம். அதே டாக்டர்தான். விளக்கை அடித்துப் பார்த்தார். இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும், அது தெரிகிற வரை தெரியட்டும், அறுவைக்கு இனி அர்த்தம் இல்லை என்றார். நெட்டை அவரிடம் சண்டைக்குப் போனான். நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். பிள்ளைக்கு உடம்பில் எலும்புதான் இருக்கிறது, கை காய்த்துப் போயிருக்கிறது.

நீ அழாதே. அழுது எனக்குக் கடிதம் எழுதாதே, படித்துக் காட்ட இவன் படுகிற பாட்டை நான் கேட்க வேண்டியிருக்கும். தபால் பெட்டிக்கு வழி எனக்குப் பழகிவிட்டது. வாசலிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு அடி.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம். புதன்கிழமை பகலில் நான் மாவு சலித்துக்கொண்டிருந்தேன். இவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம், வெளியூர் போய் வந்தால் கூப்பிட மாட்டான். வாசலில் சத்தம் இல்லாமல் வந்து நின்று சிரிப்பான். நான் நிமிர்ந்து பார்த்துக் கத்த வேண்டும். அன்றைக்கும் அப்படித்தான் வந்து நின்றிருக்கிறான். எவ்வளவு நேரம் நின்றானோ. வெளிச்சம் மறைந்தது போல எனக்குத் தோன்றியது. சல்லடையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி, "யாரு அது? தபாலா?" என்று கேட்டேன்.



அக்கா